மனுவுக்கு மறுமொழி எப்போது?

போட்டிப் பரீட்சை ஒன்றை ஒருவர் எழுதுகிறார் என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் அதனை எழுதுவது ஒரு குடும்பம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் அறிவித்தல் வந்த நாள் தொடக்கம் வீட்டின் வரவுசெலவு அதற்கேற்ப மாறிவிடுகின்றது. வகுப்புக் கட்டணம், பழைய வினாத்தாட்கள், கொழும்புக்குப் பயணம், நேர்முகப் பரீட்சைக்கு ஓர் உடுப்பு என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தங்கையின் திருமணப் பேச்சும், கூரைத் திருத்தமும், 'பெறுபேறு வரட்டும்' என்ற ஒரு சொல்லினால் தள்ளிவைக்கப்படுகின்றன.

பெறுபேறு வந்து, சித்தி கிட்டவில்லை என்றால் அதனைத் தாங்கிக்கொள்ளும் மனத்திடம் நம்மவர்க்கு உண்டு. அடுத்த முறை பார்ப்போம் என்று புத்தகத்தை மீண்டும் விரிப்பவர் பலர். ஆனால் தமது விடயத்தில் தவறு ஒன்று நேர்ந்துவிட்டது என்று நியாயமாக நம்பி, மேன்முறையீட்டு மனுவை அனுப்பிவிட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியும் வராமல் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், தபாற்காரரின் மணியோசைக்குக் காத்திருப்பது வேறு. தோல்வியைவிட அக்காத்திருப்பே கொடியது. அது எவ்வாறு நேர்கின்றது, அதனால் இழக்கப்படுவது யாது, அதற்குப் பரிகாரம் என்ன என்பவற்றைப் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

போட்டிப் பரீட்சையின் வாக்குறுதி

அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் தெரிவதில் சிபாரிசுக்கு இடமளியாது, திறமையையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்ற எண்ணம் பிரித்தானியாவில் 1854ஆம் ஆண்டின் நோர்த்கோட் – ட்ரெவெலியன் அறிக்கையினால் வலுப்பெற்றது. அவ்வெண்ணம் விரைவிலேயே நமது நாட்டையும் எட்டியது. திறந்த போட்டிப் பரீட்சையின் வழியாக 1875ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவையுட் புகுந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம் என்பதை நம் மாணவர் அறிவர். அச்சிவில் சேவை 1963ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி ஒழிக்கப்பட்டு, அதன் இடத்தில் நிருவாக சேவை அமைக்கப்பட்டது. சேவையின் பெயர் மாறியபோதும் பரீட்சை நிலைத்தது.

பரீட்சையின் வாக்குறுதி எளியது: யாரைத் தெரியும் என்பதன்று, என்ன தெரியும் என்பதே கேள்வி. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறுகின்றது. அரசாங்க சேவையில் சேர்வதற்கான பரீட்சையைத் தமிழிலே எழுதும் உரிமையை, 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தினால் அமைந்த 22ஆம் உறுப்புரை உறுதிசெய்கின்றது. ஆயின் இவ்வாக்குறுதிக்கு இரண்டாம் பாதி ஒன்றும் உண்டு. மனிதர் நடத்தும் பரீட்சையிலே தவறு நேரலாம். நேர்ந்தால் அது திருத்தப்படும் என்பதே அந்த இரண்டாம் பாதி. மேன்முறையீடு என்பது தோற்றவரின் புலம்பலன்று. பரீட்சை என்னும் கட்டடத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்று.

எங்கே பிழை நேர்கின்றது?

புள்ளியைக் கூட்டுவதில் நேரும் பிழையை மட்டுமே நாம் நினைக்கிறோம். அது ஒரு சிறு பகுதிதான். விண்ணப்பத்தில் ஏதோ ஒரு கூடு நிரப்பப்படவில்லை என்று முதற்படியிலேயே நிராகரிக்கப்படுவோர் உளர். எழுத்துப் பரீட்சையிற் சித்தியடைந்து, நேர்முகப் பரீட்சைக்குச் சென்றபின், 'உமது பட்டம் இப்பதவிக்குரிய பாடத்தில் இல்லை' என்று திருப்பி அனுப்பப்படுவோரும் உளர். அனுமதி அட்டை வழங்கப்பட்டமையால் தகைமை ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதலாகாது என்ற வாசகம் பரீட்சை அறிவித்தல்களில் வழக்கமாகக் காணப்படுவது. ஆகவே ஓராண்டு படித்து, பரீட்சையும் எழுதி, சித்தியும் அடைந்த பின்னரே, தாம் தொடக்கத்திலேயே தகுதியற்றவர் என்ற செய்தி ஒருவருக்குக் கிட்டக்கூடும்.

தமிழ்ப் பரீட்சார்த்திக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று மொழிகளிலும் வெளிவரும் அறிவித்தல்களிடையே முரண்பாடு காணப்பட்டால் சிங்கள அறிவித்தலே மேலோங்கும் என்ற நிபந்தனை பல அறிவித்தல்களின் இறுதியிற் சேர்க்கப்படுகின்றது. தமிழிலே படித்து, தமிழிலே விளங்கிக்கொண்டு, அதன்படி விண்ணப்பித்தவர், மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொற்பிழைக்காகத் தகுதியிழக்க நேரலாம். இத்தகையவருக்கு மேன்முறையீட்டைத் தவிர வேறு வழி யாது?

யாரிடம் முறையிடுவது?

இங்கே இரு சாராரை வேறுபடுத்திப் பார்த்தல் வேண்டும். முதலாமவர், ஏற்கெனவே சேவையில் இருந்துகொண்டு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை மூலம் உயர்வை நாடுபவர். இவர்களுக்கு அரசியலமைப்பிலேயே படிகள் அமைந்துள. பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியன பற்றி, அதிகாரம் கையளிக்கப்பட்ட குழுவோ உத்தியோகத்தரோ செய்த கட்டளைக்கு எதிராக அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கு மேலே நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை உண்டு. 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதன் நடைமுறையை வகுக்கின்றது. ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவும் நீக்கவும் அந்நியாயசபைக்கு அதிகாரம் உண்டு.

இரண்டாமவர், சேவைக்கு வெளியே நின்று திறந்த போட்டிப் பரீட்சையை எழுதும் இளைஞரும் யுவதியரும். இவர்களுக்கு அத்தகைய படிகள் அரசியலமைப்பில் வகுக்கப்படவில்லை. அறிவித்தலிலே குறித்த அதிகாரிக்கு மனு எழுதலாம். ஆணைக்குழுவின் தீர்மானங்களைச் சாதாரண நீதிமன்றங்கள் கேள்விக்குட்படுத்துவதை அரசியலமைப்பு பொதுவாகத் தடுத்துள்ளமையால், நீதிமன்றத்தை நாடுவோர்க்குப் பெரும்பாலும் எஞ்சுவது ஒரே வாயில்: 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனு. அந்நீதிமன்றமோ கொழும்புப் புதுக்கடையில் உளது. முல்லைத்தீவிலோ வாகரையிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு அந்தத் தூரம் மைல் கணக்கில் மட்டும் அளக்கக்கூடியதன்று.

இரு கடிகாரங்கள்

அடிப்படை உரிமை மனுவை, உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துள் தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பு விதிக்கின்றது. ஒரு மாதம் என்பது எவ்வளவு? அநீதி நேர்ந்ததென்று உணர்ந்து, சான்றிதழ்களைத் திரட்டி, சட்டத்தரணியைத் தேடி, பணத்தைப் புரட்டுவதற்குள் அது கழிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. 'முதலில் திணைக்களத்துக்கு மனு எழுதுவோம். அவர்களின் பதிலைப் பார்த்துப் பின்னர் நீதிமன்றம் போவோம்' என்று எண்ணுவது நம்மவரின் இயல்பு. அது மரியாதையான இயல்புந்தான். ஆயின் 1988ஆம் ஆண்டு அறிக்கையில் வெளிவந்த கமஎத்திகே எதிர் சிறிவர்தன என்ற வழக்கிலே உயர் நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது: வேறு பரிகாரங்களை நாடியிருந்த காலம் அந்த ஒரு மாதத்தை நிறுத்திவைக்காது. மனுதாரரிடத்தில் தவறோ தாமதமோ இல்லாத, இயலாமை காரணமான விதிவிலக்கான சந்தர்ப்பங்களிலேயே நீதிமன்றம் இரங்க முடியும். ஆகவே பதிலுக்காகப் பொறுமையுடன் காத்திருந்தவர், அப்பொறுமையினாலேயே உரிமையை இழந்துவிடக்கூடும்.

மறுபக்கத்துக் கடிகாரத்தைப் பார்ப்போம். அடிப்படை உரிமை மனுவை இரண்டு மாதத்துள் விசாரித்து முடிக்கவேண்டும் என்று அதே 126ஆம் உறுப்புரை கூறுகின்றது. இது கட்டாயமன்று, வழிகாட்டலே என்று நீதிமன்றங்கள் பொருள்கொண்டுள்ளன. நடைமுறையில் இத்தகைய வழக்குகள் பல ஆண்டுகள் நீடிப்பதை அறிக்கைகளைப் புரட்டுவோர் காணலாம். மனுவைக் கையிற்கொண்ட திணைக்களத்துக்கோ பெரும்பாலும் காலவெல்லையே தெரிவதில்லை. மனுதாரருக்கு ஒரு நாள் பிந்தினாலும் கதவு அடைபடுகின்றது. மறுமொழி கூறவேண்டியவர் ஓராண்டு பிந்தினாலும் அவருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஒரு பக்கத்துக் கடிகாரம் மட்டும் ஓடுகின்றது, அநீதி இதுவே.

தாமதமே தீர்ப்பாகும் விதம்

தாமதித்தாலும் முடிவில் நீதி கிடைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. காரணத்தை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம்.

ஒரு சேவைக்கு மேல் வயதெல்லை 28 என்றும், வெற்றிடங்கள் 50 என்றும் வைத்துக்கொள்வோம். 27 வயதான பெண் பட்டதாரி ஒருவர் ஒரு புள்ளியினாலே 51ஆம் இடத்தில் நிற்கிறார். தமது புள்ளிகளிற் பிழையுண்டு என்று மனு எழுதுகிறார். மனு மேசையிற் கிடக்கும்போதே 50 பேருக்கும் நியமனக் கடிதங்கள் கொடுக்கப்படுகின்றன. அவர்கள் பயிற்சிக்குச் செல்கின்றனர், கடமையேற்கின்றனர், கடனெடுத்து வீடு கட்டத் தொடங்குகின்றனர். அவர்களில் எவரும் குற்றம் செய்தவரல்லர். ஈராண்டின் பின் மனு சரியென்று காணப்பட்டாலும், அவர்களில் யாரை எழுப்பிவிட்டு இவரை அமர்த்துவது? 'தவறு நேர்ந்தது உண்மை. ஆயின் வெற்றிடம் இல்லை' என்பதே விடையாக வரும். அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாமென்றால் வயது 29. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுவன்றோ?

நற்பேறாக வெற்றிடம் ஒன்று கிட்டி நியமனம் பெற்றாலும், மூப்பு வரிசையில் அவர் எங்கே நிற்பார்? தமது தொகுதியினருக்கு ஈராண்டு பின்னே. அந்த ஈராண்டு அவருடைய முதலாவது பதவியுயர்விலும், அடுத்ததிலும், ஓய்வூதியக் கணக்கிலுங்கூடத் தொடர்ந்து வரும். மனுவை எவரும் நிராகரிக்கவில்லை. எவரும் கையொப்பமிட்டு 'இல்லை' என்று எழுதவும் இல்லை. காலம் மாத்திரம் அவ்வாறு எழுதிவிட்டது.

ஏழாண்டு ஓடியும் முடியாத வழக்கு

காலம் எவ்வாறு தீர்ப்பை விழுங்கும் என்பதற்கு நமது சட்ட வரலாற்றிலேயே பெயர்பெற்ற சான்று ஒன்றுண்டு. அது ஆட்சேர்ப்புப் பற்றிய வழக்கன்று. சேவையிலிருந்த ஒருவரின் மொழித் தேர்ச்சிப் பரீட்சையும் சம்பள ஏற்றமும் பற்றியது. எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த செல்லையா கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தவில்லை என்ற காரணத்தால், 1961ஆம் ஆண்டின் திறைசேரிச் சுற்றறிக்கை ஒன்றின்படி 1962இல் தமக்குரிய சம்பள ஏற்றத்தை இழந்தார். அவர் வழக்குத் தொடர்ந்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் அன்றைய உயர் நீதிமன்றம், அரசாங்க உத்தியோகத்தர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்ற காரணத்தால் அதனை மாற்றியது. 1969 டிசெம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காட உரிமையுண்டு என்று கூறி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு அமைந்ததா என்ற மூலக் கேள்வியை விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது.

அக்கேள்விக்கு விடை கிடைத்ததா? இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது; கேள்விக்கு அடிப்படையாயிருந்த பழைய அரசியலமைப்பே மறைந்தது. ஒரு சம்பள ஏற்றத்துக்கான வழக்கு ஏழாண்டு ஓடி, இலண்டன் சென்று மீண்டும், அதன் மூலக் கேள்வி இன்றுவரை தீர்க்கப்படவில்லை. வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை என்ற நிலை எத்துணைக் கசப்பானது என்பதை இவ்வழக்கு உணர்த்தும்.

தாமதத்தின் காரணங்கள்

அதிகாரிகள் மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமாகாது. பரீட்சை ஒன்றின் பின் குவியும் மனுக்களில் அடிப்படையற்றவையும் உண்டு. ஒவ்வொன்றையும் நிதானமாக ஆராயவேண்டுமே ஒழிய, அவசரப்பட்டுத் தள்ளிவிடலாகாது. ஆனால் நிதானம் வேறு, தேக்கம் வேறு.

தேக்கத்துக்குரிய முதற் காரணம் கோப்புச் செல்லும் வழி. திணைக்களத் தலைவர், அமைச்சின் செயலாளர், ஆணைக்குழு என்று அது ஏறுகின்றது. 'அறிக்கை கோருக' என்ற குறிப்புடன் மறுபடியும் இறங்குகின்றது. மனு தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இன்னொரு தரிப்பு. மாகாணத்துக்குரிய பதவியானால் மாகாணத்துப் பொதுச் சேவை ஆணைக்குழு, மத்திக்குரியதானால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு; எந்த வாயில் என்று அறியாது தவறிய முகவரிக்கு அனுப்பப்படும் மனுக்களும் உண்டு.

இரண்டாவது காரணம், ஆணைக்குழுவின் அமைப்பே அடிக்கடி மாற்றப்பட்டமை. 2001இல் பதினேழாம் திருத்தம், 2010இல் பதினெட்டாவது, 2015இல் பத்தொன்பதாவது, 2020இல் இருபதாவது, 2022இல் இருபத்தோராவது என்று, 21 ஆண்டுகளுள் ஐந்து முறை உறுப்பினரை நியமிக்கும் முறை மாற்றப்பட்டது. தலைமை மாறும்போதெல்லாம் கீழே கோப்புகள் காத்திருக்கின்றன.

பரிகாரம் உண்டா?

உண்டு, அதற்கு முன்மாதிரியும் நம் நாட்டிலேயே உளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தகவல் கேட்பவருக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும் என்று உத்தியோகத்தரைக் கட்டுப்படுத்துகின்றது. மறுத்தாலோ, காலந்தவறினாலோ, மேலதிகாரிக்கு முறையிடலாம். அவர் மூன்று வாரத்துள் முடிவு கூறவேண்டும். அதன்பின் ஆணைக்குழுவை நாடலாம். அதிகாரியின் பக்கத்திலும் ஒரு கடிகாரத்தை மாட்டமுடியும் என்பதற்கு இச்சட்டம் சான்று. தகவலுக்கு முடிந்தது மனுவுக்கு ஏன் முடியாது?

வேண்டுவன பெரியவையல்ல. ஒவ்வொரு மனுவுக்கும் இலக்கமும் பெற்ற திகதியும் குறித்த சிட்டை ஒன்று கொடுக்கப்படவேண்டும். முடிவு கூறும் நாள் பரீட்சை அறிவித்தலிலேயே அச்சிடப்படவேண்டும். முடிவுக்கான காரணம், மனுவை எழுதியவரின் மொழியிலேயே அறிவிக்கப்படவேண்டும். மனுக்கள் தீரும்வரை சில இடங்களையாவது நிரப்பாது வைத்தல் வேண்டும். மனு நிலுவையில் இருந்த காலத்தில் வயதெல்லையைக் கடந்தவருக்கு அக்காலம் கழித்துக் கணக்கிடப்படவேண்டும். வென்றவருக்கு அவர் தொகுதியினரின் நியமனத் திகதியே வழங்கப்படவேண்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடமோ பெருஞ் செலவோ தேவையில்லை, மனமிருந்தாற் போதும்.

பரீட்சார்த்திகளுக்குச் சில வார்த்தைகள்

அவை நிறைவேறும்வரை நாம் கைகட்டி நிற்கலாகாது. விண்ணப்பத்தின் பிரதியையும் பதிவுத் தபாற் சிட்டையையும் ஒரே உறையில் இட்டு வையுங்கள். அறிவித்தலின் தமிழ்ப் பிரதியுடன் சிங்களப் பிரதியையும் எடுத்து, தெரிந்தவர் ஒருவரைக்கொண்டு தகைமைப் பகுதியை ஒப்பிட்டுப் பாருங்கள். நிராகரிப்புச் செய்தி கிடைத்தால், கிடைத்த நாளைக் கடித உறையின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து எண்ணவேண்டியது 30 நாட்கள்.

மனு சுருக்கமாக இருக்கட்டும்: யார், எந்தப் பரீட்சை, எந்தச் சுட்டெண், எது பிழை, எதை வேண்டுகிறீர்கள். குடும்பக் கஷ்டங்களை நான்கு பக்கங்களில் விரித்தால், பிழையைக் காட்டும் வரி அதனுள் மறைந்துபோகும்.

அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு செய்வது நன்று. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒரு மாதத்துள் செய்யப்பட்ட முறைப்பாட்டின் மீது அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலத்தை உயர் நீதிமன்றத்துக்குரிய ஒரு மாதக் கணக்கிற் சேர்ப்பதில்லை என்று கூறுகின்றது. ஆயின் வெறுமனே முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு இருப்பது போதாது. விசாரணை நடைபெறுகின்றது என்பதற்கு எழுத்திற் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். அவ்வாணைக்குழுவுக்கு யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களிற் பிராந்தியக் காரியாலயங்கள் உள. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தமது விடயத்தில் எடுக்கப்பட்ட முடிவின் காரணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். பரீட்சைத் திணைக்களத்தின் இரகசியமாகப் பேணவேண்டிய தகவல்களுக்கு அச்சட்டத்திலே விலக்கு உண்டு என்பதையும் மனத்திற் கொள்க.

எல்லாவற்றுக்கும் மேலாக, மனுவை அனுப்பியதோடு படிப்பை நிறுத்திவிடாதீர்கள். வயது இடங்கொடுக்கும்வரை அடுத்த பரீட்சைக்கும் விண்ணப்பியுங்கள். பெற்றோரும், 'இன்னும் பதில் வரவில்லையா?' என்று நாள்தோறும் கேட்டு அவர்களை வருத்தாதிருப்பார்களாக. பதில் வராதது பிள்ளையின் குற்றமன்று.

அரசாங்கம் ஓர் இளைஞனுக்குத் தான் விரும்பும் உத்தியோகத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டதன்று. 50 இடங்களுக்கு ஆயிரம் பேர் போட்டியிட்டால் 950 பேர் திரும்பத்தான் வேண்டும். ஆனால் முறையிட்டவருக்கு, அவர் வயதும் வாழ்வும் கழிந்துபோகுமுன் ஒரு மறுமொழி கூறக் கடமைப்பட்டது. 'இல்லை' என்பதுங்கூட உரிய காலத்தில் வந்தால், அதைக் கேட்டவர் வேறு வழியிற் செல்வார். மௌனம் எந்த வழியையும் காட்டாது.